மெர்லினுக்கு டர்போ

மெர்லின் என்றால் இரண்டு பேர். ஒருத்தி அருள்நாதனின் மகள். கட்டிக்கொடுத்து எண்ணூருக்கு அனுப்பியாயிற்று. இன்னொருத்தி அவருடைய லாரி. மகள் பிறந்த அதே வருஷம் வாங்கியதால், நெற்றிப் பலகையில் அந்தப் பெயரையே எழுதி வைத்துவிட்டார். மகள் புருஷன் வீட்டுக்குப் போன அன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷன், லாரியை விற்றுவிடலாமே என்று எவனோ கேட்டதற்கு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் மனைவி ஃப்ளோரன்ஸ் இதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். பெற்றவள் சொல்லிக் காட்டாமல் வேறு யார் சொல்லிக் காட்டுவது?

லாரிக்கு வேலை ஐஸ் ஏற்றுவது. கொருக்குப்பேட்டை ஐஸ் ஃபேக்டரியில் பாளம் பாளமாக ஏற்றிக்கொண்டு காசிமேடு போக வேண்டும். நடுவில் ரயில்வே மேம்பாலம் ஒன்று. அந்தப் பாலம்தான் இந்த வீட்டுக்கு வந்த வினை. இருபத்தாறு வயதான மெர்லின் லோடோடு அதில் ஏறும்போது நடந்து போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள். போன வருஷம் அதுவும் முடியாமல் பாதி ஏற்றத்தில் கொதித்து நின்றுவிட்டது. பின்னால் வண்டிகள் மின்ட் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நின்றன என்று அருள்நாதனே சொல்வார். அவர் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டாலும் அது பெரிய அவமானம்தான். முக்கால் மணி நேரம் ஐஸ் வெயிலில் ஒழுகியது. காசிமேட்டில் கோதண்டத்தின் இரண்டு படகுகள் ஐஸ் இல்லாமல் காத்துக் கிடந்தன.

கோதண்டம் பன்னிரண்டு விசைப்படகுகளுக்கு ஐஸ் ஏற்பாடு செய்கிறவர். நல்ல மனுஷர். நல்லவர் என்பதால்தான் முகத்துக்கு நேராகச் சொன்னார்.

"அருளு, உன் மேல எனக்கு ஒன்னியும் இல்ல. ஆனா தடை முடியற அன்னிக்கு பதினோரு மணிக்கு முன்னாடி ஐஸ் இங்க வந்து நிக்கணும். இந்த வாட்டியும் பாலத்துல குந்திக்கினான்னா, அப்பால நான் வேற வண்டிதான் பாக்கணும். சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காத."

மனசில் வைக்காமல் எங்கே வைப்பது? ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடுவரைக்கும் அறுபத்தோரு நாள் மீன்பிடித் தடை. படகும் போகாது, ஐஸும் வேண்டாம். தடை முடிகிற நாளில் அத்தனை படகும் ஒரே நேரத்தில் ஐஸ் கேட்கும். அன்றைக்கு மெர்லின் ஏறினால் பிழைத்தாள். ஏறாவிட்டால் இந்த வயசில் அவளுக்கு வேறு லோடு எவனும் கொடுக்க மாட்டான். நேராகக் காயலான் கடைதான். ஆக, அருள்நாதனுக்கு இருந்தது அறுபத்தோரு நாள்.

முதல் வேலையாக வியாசர்பாடிக்குப் போய் டில்லிபாபுவின் ஷெட்டில் லாரியை நிறுத்தினார். டில்லிபாபு மெக்கானிக். அருள்நாதனுக்கு முப்பது வருஷத் தோஸ்து. ஷெட்டில் அம்பேத்கர் படம், புத்தர் படம், அவற்றுக்குக் கீழே அளவு வாரியாக ஸ்பேனர்கள். ஒரு ஸ்பேனர் இடம் மாறியிருந்தாலும் டில்லிபாபுவுக்குச் சோறு இறங்காது. அவர் இன்ஜினை ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் கேட்டார்.

"மாமு, மெர்லினுக்கு வயசாவல. மூச்சு பத்தல. அவ்ளோதான்."

"மூச்சா? இன்னாடா டாக்டர் மாரி சொல்ற?"

"டர்போ வெச்சுடலாம். புகை வெளிய போவுதுல்ல, அந்த வேகத்துலயே ஒரு சக்கரம் சுத்தும். அது வெளிக் காத்த அமுக்கி இன்ஜினுக்குள்ள தள்ளும். காத்து ஜாஸ்தி, டீசல் கொஞ்சம் ஜாஸ்தி, லோடு இஸ்க்குற பலமும் ஜாஸ்தி."

"நீ இதுக்கு முன்னாடி எத்தினி வண்டிக்கு வெச்சிருக்க?"

"மெர்லினோட சேத்தா ஒன்னு," என்றார் டில்லிபாபு.

இதைக் கேட்டும் லாரியை விட்டுவிட்டு வந்தார் என்றால் அது நட்பு. வேறு பெயர் கிடையாது.

டில்லிபாபு புதுப்பேட்டைக்கு மூன்று நடை நடந்து, பழைய டர்போ ஒன்றையும் அதற்கான குழாய்களையும் பிடித்து வந்தார். நத்தைக் கூடு மாதிரி சுருண்ட இரும்பு. வேலை பத்து நாள் இழுத்தது. கடல் காற்று தின்ற போல்ட்டுகள் கழல மாட்டேன் என்றன. ஒன்று உடைந்து உள்ளேயே தங்கிவிட்டது. அதைத் துளை போட்டு எடுக்க ஒரு முழுப் பகல் போயிற்று. டர்போவுக்கு எண்ணெய் போக ஒரு குழாய், திரும்பி வர ஒரு குழாய் என்று ஒவ்வொன்றையும் டில்லிபாபு வளைத்து, வைத்துப் பார்த்து, பிடிக்காமல் கழற்றி, மறுபடி வளைத்தார். வண்ணாரப்பேட்டையில் தையல் கடை வேலைக்குப் போகிற ஃப்ளோரன்ஸ், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு பேருக்கும் சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவாள்.

"டில்லிண்ணா, கைய கழுவிட்டு சாப்டுங்க. போன வாட்டி நண்டுக் கொழம்புல கிரீஸ் வாசன வந்துச்சுன்னு இவரு என்னைத் திட்டுறாரு."

"கிரீஸ் இல்லாத சாப்பாடு எனக்கு எறங்காது தங்கச்சி."

எல்லாம் முடிந்து, முதல் தடவை இன்ஜின் ஓடியபோது மெல்லிசாக ஒரு விசில் எழுந்தது. அருள்நாதனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. டில்லிபாபு மட்டும் சிரிக்காமல் நின்றார்.

"மாமு, ஒன்னு சொல்றேன், காதுல வாங்கு. அந்தச் சக்கரம் சுத்துற சுத்துல, அத்த எண்ணெய்தான் தாங்குது. இன்ஜின் அணைஞ்சா எண்ணெய் நின்னுடும். சூட்டோட அணைச்சன்னா உள்ள கருகிடும். ஏறி முடிச்சதும் ரெண்டு நிமிஷம் சும்மா ஓடவுடு. அப்பால அணை. புரிஞ்சுதா?"

"புரியாம இன்னா? நான் இன்னா நேத்து வண்டி ஓட்டக் கத்துக்கினவனா?"

அங்கேதான் விஷயமே. அவர் நேற்று கற்றுக்கொண்டவராக இருந்திருந்தால் ஒரு பேஜாரும் இல்லை. முப்பது வருஷமாக அருள்நாதனுக்கு ஒரு பழக்கம். பாலத்து உச்சிக்குப் போனதும் டேஷ்போர்டில் இருக்கிற கருப்புக் குமிழை இழுத்து இன்ஜினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் அப்படியே சறுக்கிக்கொண்டு இறங்குவார். இறக்கம் ஆண்டவர் சும்மா கொடுப்பது, அதற்கு எதற்கு டீசல் என்பது அவர் கட்சி. ஆபத்து என்று ஃப்ளோரன்ஸ் கத்தாத நாள் இல்லை. மகள் மெர்லின் வயிற்றில் இருந்தபோதே அவளை ஏற்றிக்கொண்டு அப்படி இறங்கியவர் அவர்.

ஒரு வாரம் மணல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு பாலத்தில் ஓட்டிப் பார்த்தார். அடடா, அந்த ஏற்றம்! முதல் கியரில் முக்கின பாலத்தில் மூன்றாம் கியரில் விசிலடித்துக்கொண்டு போனாள் மெர்லின். டீக்கடையில் நின்ற டிரைவர்கள் கிளாஸைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அருள்நாதனுக்கு இருபத்தாறு வருஷம் குறைந்துவிட்டது. உச்சியில் கை தானாகப் போய்க் குமிழை இழுத்தது.

முதல் தடவை, "ஐயோ" என்று உடனே மறுபடி ஸ்டார்ட் பண்ணினார். இரண்டாம் தடவை, ஒரு வாட்டியில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தார். விசில் நன்றாகத்தான் இருந்தது. அதற்கப்புறம் எண்ணவே இல்லை. ஒரு நாளைக்கு ஆறு ஏழு நடை, ஒவ்வொரு நடைக்கும் உச்சியில் ஒரு இழுப்பு.

எட்டாம் நாள் விசில் போய், தகரத்தைத் தரையில் இழுக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பின்னால் நீலப் புகை. எப்படியோ உருட்டிக்கொண்டு வியாசர்பாடிக்கு வந்து சேர்ந்தார்.

டில்லிபாபு கழற்றிப் பார்த்தார். உள்ளே எண்ணெய் கருகி, அடிப்பிடித்த தோசைக்கல் மாதிரி கிடந்தது. சக்கரத்தை விரலால் சுற்றினார். அது அரைச் சுற்றில் நின்றது.

"மாமு, ஏறினதும் அணைச்சியா?"

"இல்லடா."

ஒரே ஒரு சொல். அதை ஏன் சொன்னார் என்று பிற்பாடு அவருக்கே விளங்கவில்லை. திருடினவன்கூட இரண்டு நிமிஷம் யோசித்துத்தான் பொய் சொல்வான். இவருக்கு யோசிக்கக்கூட நேரம் எடுக்கவில்லை. வாய் முந்திக்கொண்டது.

டில்லிபாபு தலையை ஆட்டிக்கொண்டார். "அப்ப என் தப்புதான். எண்ணெய்க் குழாய் சன்னமாப் போட்டுட்டேன் போல. இறுக்கமா வளைச்சுட்டேன்னு நெனைக்கிறேன்." கருகின துண்டுகளைத் துணியில் எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தக் குழாயை அவர் மறுபடி முதலிலிருந்து செய்தார். உள்ளே போடுகிற புது பேரிங் செட் தேடி மறுபடி புதுப்பேட்டைக்கு அலைந்தார். ஒரு வழியாகக் கிடைத்தது. காசிமேட்டுக்குப் போய்க் கோதண்டத்திடம், "வண்டி மேல குத்தம் இல்லண்ணா, என் கைதான் தப்பு பண்ணிடுச்சு, அருள மட்டும் உட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டு வேறு வந்திருந்தார். இதைக் கோதண்டமே அருள்நாதனிடம் சொன்னார். அருள்நாதனுக்குத் தலையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அது போதாதென்று டீக்கடை. ஒரு டிரைவர் சிரித்துக்கொண்டே சொன்னான்: "டில்லி அண்ணன் இன்ஜினுக்கு விசில் வெச்சாரு, அது ஊதி முடிச்சு பூட்ச்சு. என் வண்டிய இனிமே மணலி மெக்கானிக்காண்டயே உட்டுக்கிறேன்பா." நாலு பேர் சிரித்தார்கள். அருள்நாதன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். டீ ஆறி ஏடு கட்டியது. அப்படியே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

சாயங்காலம் வீட்டில் ஃப்ளோரன்ஸ் தையல் கடையிலிருந்து வந்து, முகத்தைப் பார்த்தாள். உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"உச்சியில அணைச்சியா?"

அவர் சுவரில் தொங்கிய இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்தார்.

"அங்க இன்னா பாக்குற? அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். டில்லிண்ணனுக்கு மட்டும்தான் தெரியாது. அந்த மனுஷன் நம்ம மெர்லின் ஞானஸ்நானத்துக்கு சாமியானா கட்டினவரு. கோயில் வாசல் தாண்டி உள்ள வராதவரு, மழையில நனைஞ்சுகினு வாசல்லயே நின்னாரு. இப்ப உன் தப்ப அவரு தலையில சொமந்துகினு ஊர் பூரா சுத்துறாரு. நீ இங்க குந்திக்கினு சொவத்தப் பாரு."

அவள் கத்தியிருந்தால் அவரும் கத்தியிருப்பார், சண்டை போட்டு மறந்திருப்பார்கள். அவள் கத்தவே இல்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை, டீக்கடையில் கூட்டம் இருக்கிற நேரம் பார்த்துப் போனார். டில்லிபாபு ஓரமாக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அருள்நாதன் நேராக நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்குங்கபா. டர்போ போனது டில்லி வேலையால இல்ல. பாலத்து மேல அணைச்சது நானு. ஒருக்கா இல்ல, அம்பது வாட்டி அணைச்சேன். அணைக்காதன்னு அவன் சொன்னான். கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன். அவன் வேலையில ஒரு குத்தமும் கெடையாது."

டில்லிபாபு கிளாஸை மெதுவாக பெஞ்சில் வைத்தார். அருள்நாதனை ஏற இறங்கப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் நடந்து போய்விட்டார்.

திட்டியிருந்தால் தேவலை. கஸ்மாலம், பேமானி என்று நாலு வார்த்தை கொடுத்திருந்தால் அருள்நாதன் அதை மாலையாகப் போட்டுக்கொண்டிருப்பார். டில்லிபாபு பேசுவதையே நிறுத்திவிட்டார். வேலையை மட்டும் நிறுத்தவில்லை. தினமும் மெர்லினுக்கு அடியில் படுத்துக்கொண்டுதான் இருந்தார். அருள்நாதன் பக்கத்தில் நின்று "பதினாலு நம்பர் எடுக்கட்டா?" என்று கேட்டால், கை மட்டும் வெளியே வந்து தானே ஸ்பேனரைத் தேடி எடுத்துக்கொள்ளும். ஃப்ளோரன்ஸ் சோறு கொண்டுவந்தால் அவளிடம் பேசுவார், அருள்நாதன் காதில் விழுகிற மாதிரி.

"தங்கச்சி, அவராண்ட சொல்லு, புது எண்ணெய் பத்து லிட்டர் வாங்கியாரணும்."

"இங்கதானே நிக்கிறாரு, நீங்களே சொல்லுங்கண்ணா."

"நீயே சொல்லு."

ஐந்து நாள் இப்படி. அருள்நாதன் ராயபுரத்து வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம், ஐம்பத்தைந்து வயசில், பஸ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். கோதண்டம் லோடு கொடுத்தால் என்ன, கொடுக்காவிட்டால் என்ன, டில்லி ஒரு வார்த்தை பேசினால் போதும் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அடுத்த நிமிஷம் காயலான் கடை ஞாபகம் வந்து, இரண்டுக்குமாகச் சேர்த்து மறுபடி கண்ணைத் துடைத்தார்.

தடை முடிகிற நாளும் வந்தது. காலையில் லாரியை எடுக்க ஃப்ளோரன்ஸையும் கூட்டிக்கொண்டு போனார். அவள் கடைக்கு லீவு போட்டிருந்தாள். வண்டி கழுவித் துடைத்துத் தயாராக நின்றது. டில்லிபாபு இல்லை. அருள்நாதன் ஏறி உட்கார்ந்ததும் திக்கென்றது. டேஷ்போர்டில் கருப்புக் குமிழ் இருந்த இடத்தில் ஒரு ஓட்டை. உள்ளே ஒயர் முனை மட்டும் தெரிந்தது, விரலுக்கு எட்டாத ஆழத்தில்.

"ஃப்ளோரா, குமிழ காணோம்!"

"எங்கிட்ட கீது." அவள் கைப்பையைத் தட்டிக் காட்டினாள். "நேத்து அண்ணன் கழட்டிக் குடுத்துட்டாரு. ரெண்டு நிமிஷத்துக்கு உங்க ஜெபமாலையில எத்தினி மணி உருட்டணும்னு கேட்டாரு. பத்து வாட்டி 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னா சரியா இருக்கும்ண்ணான்னேன். அப்ப பத்து, ஒன்னு கொறைஞ்சாலும் அவன்கிட்ட குமிழ குடுக்காதன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு."

பத்து மணிக்கு ஐஸ் ஏற்றி முடித்தார்கள். சாக்குப் போட்டு மூடி, கயிறு கட்டி, பாலத்தடிக்கு வந்தபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது. முன்னால் ஒரு கன்டெய்னர் லாரி ஊர்ந்தது. பின்னால் ஹாரன். போன வருஷம் நின்ற இடம் வந்தது. அருள்நாதன் இரண்டாம் கியரில் மிதித்தார். மெர்லின் ஒரு தரம் உறுமினாள். அப்புறம் எழுந்தது அந்த விசில், மெல்லிசாக ஆரம்பித்து, கேபின் முழுக்க நிறைந்து. மூன்றாம் கியர். கன்டெய்னரை ஓரமாகத் தாண்டி, எட்டு டன் ஐஸோடு உச்சிக்குப் போய்விட்டாள் அவர் மகள்.

உச்சியில் அவர் கை தானாகக் குமிழுக்குப் போயிற்று. ஓட்டையில் விரல் பட்டது. பக்கத்தில் ஃப்ளோரன்ஸ் நேராகச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள், உதடு மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"எல்லாம் பாத்துக்கினுதான் கீறேன். கைய எடு."

அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக உச்சியில் அணைக்காமல், அந்தப் பாலத்தை இன்ஜின் ஓட, கியரில் இறங்கினார்.

காசிமேட்டில் கோதண்டம் படகுத் துறையில் நின்று மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து ஐம்பது. பக்கத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, டில்லிபாபு. அருள்நாதன் லாரியை ரிவர்ஸ் எடுத்து நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டார். ஃப்ளோரன்ஸ் ஜெபமாலையை எடுத்தாள்.

"யோவ் அருளு, வண்டிய அணை! காது கிழியுது, ஐஸ எறக்கணும்!" என்று கோதண்டம் கத்தினார்.

அருள்நாதன் கையை விரித்துக் காட்டினார். ஃப்ளோரன்ஸின் விரல் மணியை உருட்டிக்கொண்டிருந்தது. ஐஸ் இறக்குகிறவர்கள் கொக்கியோடு நின்றார்கள். ஒருத்தருக்கும் ஒன்றும் புரியவில்லை. டில்லிபாபு மெதுவாக நடந்து வந்து, டிரைவர் பக்கக் கதவில் கை வைத்து நின்றார். கேபினுக்குள் எட்டிப் பார்த்தார். அவர் பார்வை மாலை மேலேயே இருந்தது. அப்புறம், ஃப்ளோரன்ஸிடம் அல்ல, அருள்நாதன் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

"எட்டு ஆச்சு மாமு. இன்னும் ரெண்டு கீது."

அருள்நாதன் தலையை ஆட்டினார். ஒன்பது. பத்து. ஃப்ளோரன்ஸ் சிலுவையை முத்தமிட்டுவிட்டு, பையிலிருந்து குமிழை எடுத்து நீட்டினாள். டில்லிபாபு கதவைத் திறந்து, குறுக்கே கையை நீட்டி, அதை ஓட்டைக்குள் விட்டுத் திருகினார்.

"இப்ப அணை."

அருள்நாதன் இழுத்தார். இன்ஜின் நின்றது. நின்ற பிறகும் உள்ளே அந்தச் சின்னச் சக்கரம் சிணுங்கிக்கொண்டே சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாக ஓய்ந்தது. இரண்டு பேரும் அது ஓய்கிறவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பின்னால் கோதண்டம், "ஜல்தி எறக்குங்கபா, அடுத்த நடைக்கும் இவந்தான் போணும்" என்று ஆட்களை விரட்டிக்கொண்டிருந்தார்.

"டில்லி, தப்புடா. மன்னிச்சுக்க."

"மூடிக்கினு டீ வாங்கிக் குடு. அன்னிக்கு என் டீய பாதியில வெக்க வெச்சவன் நீதான்."

சொல்லிவிட்டு டில்லிபாபு மறுபடி கையை உள்ளே விட்டார். குமிழைத் திருகிக் கழற்றினார். அருள்நாதனின் மடியைத் தாண்டி அதை ஃப்ளோரன்ஸிடம் நீட்டினார்.

"இது உங்கிட்டயே இருக்கட்டும் தங்கச்சி."

அவள் அதை ஜெபமாலையோடு சேர்த்துக் கைப்பையில் போட்டு மூடிக்கொண்டாள்.